பிக்கப்புக்கு எக்ஸ்ட்ரா லைட் மாட்டுவதற்கு முன்னால்

ஆத்தங்குடியில் தரைக்கல் ஏற்றிக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்குக் கிளம்பிய தம்பி ஒருவர், மறுநாள் காலை ஒரு சலான் சீட்டை என்னிடம் நீட்டினார். பத்தாயிரம் ரூபாய். வண்டியில் ஹெட்லைட் மங்கல் என்று பம்பருக்கு மேலே எல்இடி பட்டை இரண்டு மாட்டியிருந்தார். "அண்ணே, மாடு படுத்திருக்கிறது தெரியலைன்னுதானே போட்டேன்? இருட்டுல போய் மோதச் சொல்றாங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கண்மாய்க் கரை வளைவில் படுத்திருக்கும் மாடு மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கடைசி நொடி வரைக்கும் தெரியாது. ஆனால் அவர் தேடிய வெளிச்சம் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. அதை அவருக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 105-ஆவது விதி, முன்னால் 155 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிகிற அளவுக்கு விளக்கு எரிய வேண்டும் என்கிறது. அதாவது மங்கலான விளக்கும் குற்றம்தான். 106-ஆவது விதி, அந்த வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்கிறது. 111-ஆவது விதி, வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டவே கூடாது என்கிறது. இவற்றுக்கு மேலே 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அவ்வளவுதான் பின்னணி. இனி மாட்டிக்கொள்கிற இடங்களுக்கு வருவோம்.

முதல் பள்ளம், அதே சட்டத்தில் 182ஏ பிரிவின் 4-ஆவது உட்பிரிவு. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் அனுமதிக்காத விதத்தில் உரிமையாளர் வண்டியை மாற்றினாலோ, புது பாகம் பொருத்தினாலோ ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய், அல்லது இரண்டும். "ஒரு மாற்றத்துக்கு" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பட்டை இரண்டு என்றால் கணக்கு எப்படிப் போகும் என்று மேலே பார்த்தோம். பிரிவில் இருப்பது "உரிமையாளர்" என்பதையும் கவனியுங்கள். லைட்டை மாட்டியது டிரைவர்தான் என்று முதலாளி கை காட்டினாலும், சலான் ஆர்சி புத்தகத்தில் இருக்கும் பெயரைத் தேடித்தான் போகும். மாமனார் பெயரில் வண்டி வைத்து ஓட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது பள்ளத்தைத் தோண்டுகிறவர் கடைக்காரர். "ஆர்டிஓ அப்ரூவ்டு சார்" என்பார். ஆர்டிஓ எந்தக் கடை லைட்டுக்கும் அப்ரூவல் கொடுப்பதில்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் பர்ஸை மூடிவிடுங்கள். ஷோரூமிலேயே மாட்டிக் கொடுத்தார்கள், பில் இருக்கிறது என்பதும் உதவாது. வண்டி எந்த விளக்கோடு சோதனைக்குப் போய் ஒப்புதல் வாங்கியதோ அந்த விளக்குதான் கணக்கு. ஆக்சசரி பில்லை நீட்டினால், நீங்கள் பணம் கொடுத்து மாற்றினீர்கள் என்பதற்கு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆகும்.

மூன்றாவதில் விழுகிறவர்கள்தான் அதிகம். வெளியே எதுவும் மாட்டாமல், ஹெட்லைட்டுக்குள் இருக்கும் ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி பல்பைச் செருகுவது. வெளியே தெரியாதே என்று நினைப்பு. எதிரே வருகிறவனுக்கு நன்றாகத் தெரியும். ஹாலஜன் பல்பின் இழை எந்தப் புள்ளியில் எரிகிறதோ அந்தப் புள்ளியை வைத்துத்தான் உள்ளே இருக்கும் கிண்ணத்தை வளைத்திருக்கிறார்கள். எல்இடி சில்லு அந்த இடத்தில் உட்காராது. வெளிச்சம் சிதறி மேலே ஏறும். பானட்டுக்கு முன்னால் பத்தடிக்கு வெள்ளை வெளேரென்று இருப்பதால் உங்களுக்குப் பிரமாதமாகத் தோன்றும், தூரம் மட்டும் முன்பைவிட இருட்டாகிவிடும். 100/90 வாட் ஹாலஜன் பல்பு இன்னொரு ரகம். பிக்கப்புகளில் வழக்கமாக வருகிற எச்4 பல்பு 60/55 வாட். அதற்காகப் போட்ட ஒயரும் ஹோல்டரும் 100 வாட் சூட்டைத் தாங்காது. ஹோல்டர் உருகிக் கறுத்துப்போய்ப் பல்போடு ஒட்டிக்கொண்டதை நானே கத்தி வைத்துப் பிரித்திருக்கிறேன்.

ஆன்லைனில் வாங்கும் முழு ஹெட்லைட் செட்டிலும் ஒரு வில்லங்கம் உண்டு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிற நாடு. நம் விளக்கில் டிம் வெளிச்சம் வலப்பக்கம் தாழ்ந்து, இடப்பக்கம் சற்றே ஏறி நிற்கும். ஏறி நிற்கிற அந்த இடம்தான் சாலையோரம். தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் குன்றக்குடி வழியாக இருட்டில் நடந்து போவது அந்த ஓரத்தில்தான். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த விளக்கு இதைத் தலைகீழாகச் செய்யும். எதிரே வரும் பஸ் டிரைவரின் கண்ணில் அடிக்கும், காவடி தூக்கி நடக்கிறவரை இருட்டில் விட்டுவிடும். விலை பாதிதானே என்று வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

சிலர் நேர்மையாக, அனுமதி வாங்கியே மாட்டலாம் என்று ஆர்டிஓ ஆபீஸுக்குப் போகிறார்கள். அங்கே நடப்பது இதுதான். கவுண்டரில் "பிரேக் இன்ஸ்பெக்டரைப் பாருங்க" என்பார்கள், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளரை. இன்ஸ்பெக்டர் டெஸ்ட் ட்ராக்கில் இருப்பார். பன்னிரண்டு மணிக்கு வந்தால் "மனுவா எழுதிக் குடுங்க" என்பார். மனுவைக் கொடுத்தால் தபால் பிரிவில் சீல் வைத்து வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் நீங்கள் நடக்க வேண்டியதுதான். 111-ஆவது விதியில் முன் அனுமதி என்று ஒரு வரி இருக்கிறது, உண்மை. அது "விதிவிலக்கான சூழ்நிலை"க்கு மட்டும். திங்கள்கிழமை காரைக்குடிச் சந்தைக்குக் காய்கறி ஏற்றுவதை எந்த அதிகாரியும் விதிவிலக்கான சூழ்நிலை என்று எழுதித் தர மாட்டார். மூன்று நாள் வாடகையை விட்டுவிட்டு அந்த வாசலில் நிற்காதீர்கள்.

எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்று வாங்கும் சான்று, அந்த விஷயம்தான் உண்மையில் அடி வாங்குகிற இடம். சரக்கு வண்டிக்கு முதல் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருடா வருடம் எஃப்சி. எக்ஸ்ட்ரா லைட் இருந்தால் கழற்றிவிட்டு வா என்பார்கள். கழற்றினால் பம்பரில் ஓட்டை தெரியும், வெட்டிய ஒயர் தொங்கும், அதற்கு ஒரு பேச்சு. ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளடித்திருந்தால் அதற்கும் திருப்பி அனுப்புவார்கள். அது சரிதான், திருப்பி அனுப்ப வேண்டிய வண்டிதான். ஆனால் எதற்காகத் திருப்பி அனுப்புகிறோம் என்று சொல்லாமல், "லைட் சரியில்லை, போய்ட்டு வா" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவது அவர்கள் இஷ்டம் இல்லை. எஃப்சி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும் என்று 56-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. "சார், என்ன குறைன்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா அதை மட்டும் சரி பண்ணிட்டு வந்துடுறேன்" என்று மரியாதையாகக் கேளுங்கள். சட்டம் பேச வேண்டாம். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. அந்தச் சீட்டு கையில் இருந்தால் அடுத்த தடவை புதிதாக ஒரு குறை முளைப்பது கஷ்டம். 57-ஆவது பிரிவில் 30 நாளைக்குள் மேல்முறையீடும் உண்டு. வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு அதைச் செய்கிறவரை நான் பார்த்ததில்லை.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். கம்பெனி கொடுத்த விளக்கே, அது புதிதாக இருந்தபோது எரிந்த மாதிரி எரிந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். அது எரியாததற்குக் காரணம் பல்பு இல்லை, ஒயர். வண்டி ஓடும்போது பேட்டரியில் பதின்மூன்றரை வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பழைய சுவிட்சும் துருப்பிடித்த எர்த்தும் தாண்டிப் பல்புக்கு வரும்போது பன்னிரண்டு ஆகியிருக்கும். ஒன்றரை வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். ஹாலஜன் பல்பில் அந்த ஒன்றரை போனால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய், என்ஜின் ஓடும்போது ஹோல்டரில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமலேயே பல்பை மாற்றச் சொல்கிறவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எர்த் சுரண்டிப் போட்டாலே பாதி சரியாகும். மீதிக்கு ரிலே கிட். பல்பு அதேதான், விளக்கு அதேதான், கரண்ட் மட்டும் பேட்டரியிலிருந்து நேரே வரும். ஃபியூஸ் உள்ள கிட்டாக, கப்ளரில் செருகுகிற மாதிரி வாங்குங்கள். கம்பெனி ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். நாளைக்கு வண்டி தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் போட்டோ எடுப்பது அந்த டேப்பைத்தான்.

கண்ணாடி மஞ்சளடித்திருந்தால் பாலீஷ் போடலாம், சில மாதம் தாங்கும். உள்ளே கிண்ணம் கறுத்திருந்தால் பாலீஷ் வீண், முழு செட்டையும் கம்பெனி பாகமாகவே மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்குப் பைசா செலவில்லை. தரைக்கல் ஏற்றினால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும். ஹெட்லைட் வேப்பமரத்து உச்சியைப் பார்க்கும். ரோடு இருட்டாகிவிடும், எதிரே வருகிறவன் திட்டுவான். எனவே லைட் மட்டத்தை லோடோடுதான் பார்க்க வேண்டும். சமதரையில், சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். (இரண்டு தெருவுக்கு நீளும் செட்டிநாட்டு வீடுகள் உள்ள ஊரில் நீளச் சுவருக்கா பஞ்சம்.) ஹெட்லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம்மில் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று சக்கரம் இருந்தால் அதைத் திருப்புங்கள். எண் கூடக் கூட வெளிச்சம் இறங்கும். லோடு ஏற்றினால் எண்ணைக் கூட்ட வேண்டும், இறக்கினால் 0. வண்டி வாங்கியதிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம். சக்கரம் இல்லாத வண்டிக்கு விளக்கின் பின்னால் திருகு இருக்கிறது.

இதெல்லாம் செய்தும் மடக்கினால்? எந்தப் பிரிவு என்று சலானில் பாருங்கள். ஒரு பல்பு பீஸ் போயிருந்தால் அது வண்டியை மாற்றியதாக ஆகாது. 177-ஆவது பிரிவில் முதல் முறை 500 ரூபாய் வரைதான், அடுத்தடுத்து 1,500 வரை. அதை 182ஏ என்று எழுதியிருந்தால் அங்கேயே பல்பைக் காட்டிக் கேளுங்கள், விளக்கைப் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் கையில் பணம் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்தபின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள், ஆட்சேபத்தை அங்கேயே பதியலாம். வாட்ஸ்அப்பில் "உங்கள் வண்டிக்கு சலான்" என்று ஏபிகே ஃபைல் (போனில் ஆப் ஏற்றுகிற ஃபைல்) வந்தால் தொடாதீர்கள், அது பேங்க் கணக்கைக் காலி செய்கிற வேலை. உண்மையான சலானைக் கிடப்பில் போட்டால் எஃப்சி அன்றைக்குத்தான் தெரியும், லோடு ஏற்றி வைத்த வண்டி வாசலில் நிற்கும்.

அந்தத் தம்பி பட்டை இரண்டையும் கழற்றிவிட்டார். எர்த்தைச் சுரண்டி, ரிலே போட்டு, மட்டம் பார்த்ததற்கு ஆன செலவு பட்டை வாங்கிய காசைவிடக் குறைவு. பத்தாயிரத்துக்கு ஆட்சேபம் போடலாமா என்று கேட்டார். பட்டை மாட்டியது மாட்டியதுதான், அதற்கு வழியில்லை என்று சொல்லிவிட்டேன். பம்பர் ஓட்டைக்கு ரப்பர் மூடி வாங்கி அடைக்கச் சொன்னேன், அவருக்கு மாசியில் எஃப்சி.