பேரேட்டில் ஒரு குத்துச்சண்டை

காரைக்குடியில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: குத்துச்சண்டை வீரர்கள் லெனாக்ஸ் லூயிஸும் விட்டாலி கிளிட்ச்கோவும் இரண்டாம் முறை மோதியிருந்தால் வெற்றி யாருக்கு என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா? முடியும். அதற்கான கணக்கை எழுதும் முறையும் நம் செட்டிநாட்டுக்குப் புதியதன்று.

நடந்தது இதுதான். 2003 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹெவிவெயிட் பட்டத்திற்காக இருவரும் மோதினார்கள். லூயிஸுக்கு வயது 37, கிளிட்ச்கோவுக்கு 31. மூன்றாம் சுற்றில் லூயிஸின் குத்தில் கிளிட்ச்கோவின் இடக் கண்ணுக்கு மேல் தோல் கிழிந்தது. ஆறு சுற்றுகள் முடிந்ததும் மருத்துவர் போட்டியை நிறுத்தச் சொல்ல, வெற்றி லூயிஸுக்குப் போயிற்று. ஆனால் அந்த நேரத்தில் மூன்று நடுவர்களின் சீட்டுகளிலும் கிளிட்ச்கோவே 58–56 என்று முன்னணியில் இருந்தார். 2004 பிப்ரவரியில் லூயிஸ் ஓய்வு பெற்றுவிட்டதால் மறுபோட்டி நடக்கவே இல்லை.

பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், கடன் கேட்டு வந்தவர் ஒரு தவணை தவறினார் என்பதற்காக உடனே அவரைக் கைவிட்டிருக்க மாட்டார்கள்; ஒரு தவணையை முன்கூட்டிக் கட்டினார் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கவும் மாட்டார்கள். பழைய பேரேட்டைப் புரட்டி, முன்னிருப்பை எடுத்துக்கொண்டு, புதிய வரவையும் பற்றையும் அதில் சேர்த்த பிறகே முடிவுக்கு வருவது கடை நடத்துபவரின் இயல்பு. 1763இல், ஆசிரியர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து வெளியான தாமஸ் பேயீஸின் தேற்றம் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. பள்ளியில் படித்த சூத்திரம்தான், அதை விரிக்கப் போவதில்லை. முன்பு இருந்த வாய்ப்பு விகிதத்தைப் புதிய சான்றின் வலுவால் பெருக்கினால் புதிய விகிதம் கிடைக்கும். சான்றின் வலு என்பது, அந்த நிகழ்வு லூயிஸ் மேலானவர் என்றால் நடக்கும் வாய்ப்பை, கிளிட்ச்கோ மேலானவர் என்றால் நடக்கும் வாய்ப்பால் வகுத்தால் வருவது.

என்னை வியக்க வைப்பது இதற்கு அடுத்த படி. பெருக்கலுக்கு மடக்கை எடுத்தால் அது கூட்டலாகிவிடும் என்பதால், கணிப்பு முழுவதும் வரவு–பற்றுக் கணக்காக மாறிவிடுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் கடற்படையின் ரகசியக் குறியீடுகளை உடைக்க இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் உழைத்த ஆலன் டூரிங், சான்றை அளப்பதற்கென்றே ஓர் அலகை வைத்திருந்தார். அவர்கள் பயன்படுத்திய துளைத்தாள்கள் பான்பரி என்ற ஊரில் அச்சானதால் அந்த அலகுக்குப் பான் என்று பெயர். அதில் பத்தில் ஒரு பங்கு டெசிபான். பத்துக்கு ஒன்று என்ற விகிதம் 10 டெசிபான், இரண்டுக்கு ஒன்று ஏறக்குறைய 3, சமவாய்ப்பு பூச்சியம். மனிதரின் உள்ளுணர்வுக்குத் தட்டுப்படும் மிகச் சிறிய சான்று ஏறக்குறைய ஒரு டெசிபான் என்பது அவர்களுடைய கருத்து. சதுரங்கத்தில் ஆர்பாத் ஈலோ வகுத்து 1970இல் உலகக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட தரப்புள்ளி முறையும் இதே கணக்குதான்: அதில் 400 புள்ளி வித்தியாசம் பத்துக்கு ஒன்று என்பதைக் குறிப்பதால், 40 புள்ளி ஒரு டெசிபானுக்குச் சமம். போர்க்கால ரகசியமும் நம் பிள்ளைகள் ஆடும் சதுரங்கமும் ஒரே பேரேட்டில் சந்திப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இனிக் கணக்கை எழுதலாம். இதில் வரும் மதிப்பீடுகள் என்னுடையவை. போட்டிக்கு முன் லூயிஸுக்கு மூன்றுக்கு ஒன்று என்று சாதகம் கொடுத்தால் முன்னிருப்பு 5 டெசிபான். அடுத்து சுற்றுகள். மேலானவர் ஒரு சுற்றை வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு என்று கொண்டால், ஒவ்வொரு சுற்றின் வலுவும் 60க்கு 40, அதாவது 1.76 டெசிபான். கிளிட்ச்கோ நான்கையும் லூயிஸ் இரண்டையும் வென்றதாகவே 58–56 பொருள்படுவதால், நிகரம் இரண்டு சுற்று, லூயிஸின் கணக்கில் 3.5 பற்று. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நடுவர் மூவரும் ஒரே எண்ணைத் தந்தார்கள் என்பதால் இதை மூன்றால் பெருக்கக் கூடாது. மூவரும் பார்த்தது அதே ஆறு சுற்றுகளைத்தான். ஒரே சிட்டையை மூன்று முறை பேரேட்டில் ஏற்றும் பெட்டியடிப் பையனைக் கடையில் யார் வைத்துக்கொள்வார்கள்?

காயம் லூயிஸின் குத்தால் வந்தது என்பதால் அவருக்கு ஏதேனும் வரவு வைத்தே ஆக வேண்டும். ஆனால் அதே இடத்தில் அதே ஆழத்தில் இன்னொரு முறை தோல் கிழியும் என்பதற்கு உறுதி இல்லை என்பதால் 1 மட்டும் போடுகிறேன். ஹோலிஃபீல்டுடன் சமன் செய்தும், மெக்காலிடமும் ரஹ்மானிடமும் தோற்றும், பிறகு மூவரையும் மறுபோட்டியில் வென்றவர் லூயிஸ் என்பதை அவருடைய ரசிகர்கள் பெரிய சான்றாகச் சொல்வார்கள். எடைபோட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு வாய்ப்புள்ள சாதாரண வலியவர் மூன்றையும் வெல்வது 42 விழுக்காடு; மறுபோட்டிக்கென்றே தனித்திறன் இருந்து 90 விழுக்காடு வாய்ப்புள்ளவர் வெல்வது 73 விழுக்காடு. 73ஐ 42ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.7; டெசிபானில் அது 2.4தான். தனித்திறன் உண்டு என்பதற்கே சான்று இவ்வளவுதான் என்னும்போது, வெற்றிக் கணக்கில் 1க்கு மேல் வைக்க எனக்கு மனமில்லை. ஓர் ஆண்டு கழித்து மோதினால் லூயிஸுக்கு 39ஐ நெருங்கும் வயது, எதிராளிக்கு 33. அதற்கு 3 பற்று.

ராசியையும் பெயர் எண்ணையும் பார்த்துச் சொல்பவர்களின் கூற்றை எங்கே எழுதுவது என்றும் அந்தத் தம்பி கேட்டிருந்தார். யார் வென்றாலும் ஒத்துப்போகும் பலனுக்கு வலு ஒன்றுக்கு ஒன்று, அதன் மடக்கை பூச்சியம். பேரேட்டில் பூச்சியத்தைக் கூட்டலாம், இருப்பு மாறாது. 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தவர் அழகப்பச் செட்டியார். அப்படிப்பட்ட கொடை இன்று நிகழ்தகவைக் கற்பிப்பதற்கும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஐந்தொகை எடுத்தால் 5 – 3.5 + 1 + 1 – 3, ஆக லூயிஸின் பக்கம் அரை டெசிபான் மிச்சம்; அதாவது அவர் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 53. வயதுக்கு 3க்குப் பதில் 5 பற்று எழுதினால் அது 41 ஆகிவிடும். நான் மிகக் குறைவாக நம்பும் பதிவும் அந்த வயதுப் பற்றே. 2004 ஏப்ரல் 24 அன்று, லூயிஸ் விட்டுச்சென்ற பட்டத்திற்காக கிளிட்ச்கோ கோரி சாண்டர்ஸை எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். மறுபோட்டி அதற்குப் பிறகு நடப்பதாகக் கற்பனை செய்தால் அந்த வெற்றியையும் ஏற்ற வேண்டும். அதற்கு 1 பற்று எழுதினாலே லூயிஸின் மிச்சம் கரைந்து, 53 என்பது 47 ஆகிறது.