உளசயன்னா யாரு?

போன வாரம் அக்கா பையன், பத்தாவது படிக்கிறான், தாத்தா கடையோட பழைய பேரேட்டை தூசி தட்டி எடுத்துட்டு வந்து "மாமா, இந்த உளசயங்கிற ஆளு நமக்கு எவ்ளோ தரணும்?"னு கேட்டான். எட்டிப் பாத்தா ௨௱௪௰. அது ஆளு இல்லடா, தமிழ் எண்ல எழுதின தொகை, 240 ரூபாய்.

ரோமன் எண் அவனுக்கு தண்ணிபட்ட பாடு, நம்ம எண் தெரியல, அது அவன் தப்பும் இல்ல. விஷயம் சிம்பிள். 1லருந்து 9 வரைக்கும் ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯, அதுக்கு மேல 10க்கு ௰, 100க்கு ௱, 1000க்கு ௲.

இப்ப ரோமன்ல பெருசுக்கு முன்னாடி சிறுசு வந்தா கழிக்கணும்ல, பத்துக்கு முன்னாடி ஒண்ணு வந்தா 9. நம்ம முறைல அதே இடத்துல சிறுசு வந்தா பெருக்கணும்! ௯௰ன்னா ஒம்பது பத்து, 90. ௪௱ 400. பெருசுக்குப் பின்னாடி வந்தா மட்டும் கூட்டல், ௰௪ன்னா 14. இவ்ளோதான் ரூல். 1888ஐ ரோமன்ல எழுத 13 எழுத்து வேணும், இங்க ௲௮௱௮௰௮, ஆறே குறி. பூஜ்யமே தேவைப்படாது, இல்லாத இடத்தை எழுதாம விட்டுடலாம், 1005ன்னா வெறும் ௲௫.

பெருக்கல்லயும் ஒரு நெளிவு இருக்கு. ௲க்கு முன்னாடி ஒத்தை இலக்கம்தான் வரணும்னு இல்ல, முழு எண்ணே வரலாம். ௨௰௫௲ன்னா 25 ஆயிரம், ௱௲ன்னா நூறாயிரம், அதாவது ஒரு லட்சம். இதுல ஒரு ௫ இடம் மாறிச்சுன்னா போச்சு, ௱௫௲ 1,05,000, ௱௲௫ 1,00,005. கணக்குப்பிள்ளை தூக்கக் கலக்கத்துல எழுதினா கடை என்னாகும்னு யோசிங்க.

பெரும்பாலும் வாயால சொல்றதை அப்படியே எழுதுறோம், நானூறுன்னா நாலு நூறு. ஆனா ஒம்பது வந்தா மட்டும் வாய் ஒரு பக்கம் கை ஒரு பக்கம். தொண்ணூறுல பத்து எங்க இருக்கு? நூறுதான் இருக்கு. தொள்ளாயிரத்துல ஆயிரம் இருக்கு. வாய் அடுத்த படிக்கட்டுக்கு தாவிடுது, கை மட்டும் ஒழுங்கா ௯௰, ௯௱னு எழுதுது. 90ஐ நூறுக்கு முன்னாடி பத்து வச்சு எழுதுற ரோமன்காரன் இதைக் கேட்டா கட்டிப் பிடிச்சுப்பான்.

அப்புறம் காலம் மாறி இடமதிப்பு முறைல ௧௯௪௭னும் எழுத ஆரம்பிச்சாங்க, ௰ ௱ ௲ எதுவும் இல்லன்னா அப்படியே நேரா வாசிங்க, 1947. அதுக்கு பூஜ்யம் வேணும். கம்ப்யூட்டர் எழுத்துக்கான பொதுத் தரமான யூனிகோடுக்குள்ள தமிழ் ௦ வந்ததே 2005லதான், முந்திரி (1/320), மாகாணி (1/16) மாதிரி பின்னக் குறிகள் 2019ல. பேருக்கு நியூமராலஜி பாத்து ஒரு எழுத்து கூட்டிக்க ஆயிரக்கணக்குல செலவு பண்றோம், அந்த காசுல பாதியை கணக்குச் சுவடி படிக்கத் தெரிஞ்ச நாலு பேரை உருவாக்க போட்டா எவ்ளோ நல்லாருக்கும். சரி அது என் புலம்பல்.

பையன் பேரேட்டோட கடைசிப் பக்கத்துல அவன் பொறந்த வருஷத்தை பென்சில்ல எழுதிப் பாத்தான்: ௨௲௰. "மூணே எழுத்தா மாமா?"ன்னான்.