பேட்டரி வாங்கும் முன் மீட்டரை வையுங்கள்

கனடாவின் ஒன்ராறியோவில் மே மாதம் பிறந்துவிட்டால் என் ஃபோனுக்கு ஓய்வு கிடையாது. குளிர்காலம் முழுக்கப் பனியில் நின்ற மோட்டார்ஹோம்களை, அதாவது உள்ளேயே தங்கிச் சுற்றும் வீட்டு வண்டிகளை, அப்போதுதான் வெளியே எடுப்பார்கள். தண்ணீர் பம்ப் முனகும், கூரை விளக்கு மங்கலாக எரியும், கரண்டில் இயங்கும் படிக்கட்டு பாதியில் நின்றுவிடும். கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எந்த பேட்டரி வாங்கலாம்?" என்பதுதான். இருபது வருடப் பழைய வண்டி என்றால் என் பதில், இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்.

போன வருடம் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஃபோர்டு ஈ-450 சேஸில் (அடிச்சட்டத்தில்) கட்டிய 2004 வண்டி அவருடையது. "தம்பி, மூண்டு வருசத்தில மூண்டு தரம் பற்றரி மாத்திப்போட்டன். ஒரு இரவு காம்பில நிண்டாலே லைட் மங்குது" என்றார். ஒவ்வொரு முறையும் கடையில் சோதித்துவிட்டு, பேட்டரி போய்விட்டது என்று சொல்லிப் புதியது மாட்டியிருக்கிறார்கள். சொன்னது பொய்யில்லை, பேட்டரி போய்த்தான் இருந்தது. ஏன் போனது என்றுதான் யாரும் பார்க்கவில்லை.

மோட்டார்ஹோமில் பேட்டரி இரண்டு செட். ஒன்று என்ஜினை ஸ்டார்ட் செய்ய, இன்னொன்று உள்ளே விளக்கு, பம்ப், ஃபேன் ஓட. இந்த இரண்டாவதை வீட்டு பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஓடும்போது, என்ஜினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் அதை சார்ஜ் செய்யும். கேம்பிங் முகாமில் கரண்ட் பிளக்கைச் சொருகினால், அந்தக் கரண்டை பேட்டரிக்கு ஏற்ப மாற்றும் கன்வெர்ட்டர் என்ற பெட்டி செய்யும். பழைய வண்டியில் இந்த இரண்டு வழியுமே அடைபட்டிருக்கலாம்.

என்ஜினை ஓடவிட்டு, உள்ளே எல்லா விளக்கையும் ஃபேனையும் போட்டுவிட்டு வோல்ட் மீட்டரால் அளந்தேன். என்ஜின் பேட்டரியில் 14.1 வோல்ட். வீட்டு பேட்டரியில் 12.3. நடுவில் 1.8 வோல்ட் காணாமல் போகிறது. ஆல்டர்னேட்டரில் குறையே இல்லை, அது கொடுப்பது போய்ச் சேரவில்லை.

இரண்டு செட்டையும் இணைப்பது ஐசோலேட்டர் சொலினாய்டு என்ற சின்ன உருளை. சாவியைத் திருப்பினால் சேர்க்கும், அணைத்தால் பிரிக்கும். பெரியவர் சாவியைத் திருப்பிக் காட்டி, "டிக் எண்டு சத்தம் கேக்குது தானே?" என்றார். இந்தச் சத்தத்தை நம்பித்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் வேலை செய்கிறது என்று மட்டுமே அர்த்தம். கரண்ட் பாய்வது அதற்குள் இருக்கும் செம்புத் தகடு வழியாக. அது கருகிக் குழி விழுந்திருந்தாலும் சத்தம் அப்படியே கேட்கும். மீட்டரின் ஒரு முனையை ஒரு பெரிய போல்ட்டிலும் மறு முனையை மற்றதிலும் வைத்தேன். 1.5 வோல்ட் காட்டியது. நல்ல சொலினாய்டில் அந்த இடத்தில் 0.1 வோல்ட்டைக்கூடத் தாண்டக் கூடாது. தொட்டுப் பார்த்தால் கை சுட்டது.

மாற்றும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். என்ஜினை ஸ்டார்ட் செய்யப் பயன்படும் ஸ்டார்ட்டர் சொலினாய்டு பார்க்க அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அது சில விநாடி மட்டுமே தாங்கும். மணிக்கணக்கில் ஓடினால் எரிந்துவிடும். தொடர்ந்து இயங்குவதற்கென்றே செய்ததைக் கேட்டு வாங்குங்கள்.

மிச்சம் 0.3 வோல்ட் காணாமல் போனது எர்த்தில், அதாவது சேஸ் வழியாகக் கரண்ட் திரும்பும் இணைப்பில். வீட்டு பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் சேஸில் முறுக்கியிருக்கும் போல்ட்டைக் கழற்றினேன். இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள், அடிப்பக்கம் எல்லாம் அதைத்தான் குடிக்கும். போல்ட்டின் தலை பளிச்சென்று இருந்தது. கேபிள் முனையில் இருக்கும் வளையமான லக்கைத் தூக்கினால் கீழே பச்சையும் வெள்ளையுமாகப் பொடி, அதற்கும் கீழே இரும்பு செதில் செதிலாகத் துரு. பளபளக்கும் வரை தேய்த்து, லக்கைப் புதிதாகப் போட்டு, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசினேன். இறுக்கும் முன் பூசாதீர்கள், உலோகத்தோடு உலோகம் சேர வேண்டும். அப்புறம் அளந்தால் வீட்டு பேட்டரியில் 13.9 வந்தது.

மூன்று செட் பேட்டரி சாகக் காரணம் இவ்வளவுதான். ஈய பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கி அப்படியே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. அவர் நாலு மணி நேரம் ஓட்டிப் போனாலும் பேட்டரி அரைவயிறாகத்தான் முகாமுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நீங்களே பார்க்கலாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சார்ஜ் போட்டிருந்தால் சில மணி நேரம் ஆறவிட்டு அளங்கள். 12.6-க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் போடுங்கள். சார்ஜரைக் கழற்றிய கையோடு அளந்தால் 13 கூடக் காட்டும், அதை நம்பாதீர்கள்.

பிளக்கைச் சொருகினால் விளக்கெல்லாம் நன்றாக எரிகிறது, பேட்டரி மட்டும் சார்ஜ் ஆகவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, சமீபத்தில் பேட்டரியைக் கழற்றி மாட்டினீர்களா என்று. காரில் கறுப்பு வயர் நெகட்டிவ். மோட்டார்ஹோமின் வீட்டுப் பக்கத்தில் பெரும்பாலும் கறுப்புதான் பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். கார் பழக்கத்தில் மாற்றி வைத்துவிடுகிறார்கள். ஒரு விநாடி பட்டாலே கன்வெர்ட்டரில் அதற்கென்று இருக்கும் இரண்டு பெரிய ஃப்யூஸும் போய்விடும். சில டாலரில் முடியும் வேலை இது. இதற்காகக் கன்வெர்ட்டரையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். பேட்டரியைக் கழற்றும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பாசிட்டிவ் வயரில் சிவப்பு டேப்பைச் சுற்றிவிடுங்கள்.

குளிர்காலத்தில் நிறுத்தி வைக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கிறோம். பல வண்டிகளில் கேஸ் அலாரம் அந்த சுவிட்சைத் தாண்டி நேராக பேட்டரியில் இருக்கும். அது 100 மில்லி ஆம்ப் இழுத்தால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி, நூறு ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு வாரத்தில் காலி. காலியான பேட்டரி மைனஸ் 10 டிகிரி வருவதற்குள் உறைந்துவிடும். நிறைந்த பேட்டரி இங்கத்திய எந்தக் குளிரையும் தாங்கும். அதனால் நவம்பரிலேயே முழு சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பக்கம் உப்பியிருக்கிற, உறைந்த பேட்டரிக்கு சார்ஜர் போடவே போடாதீர்கள். வெடிக்கும்.

இனி சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு குடும்பம் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு முகாமில் இருந்தபோது, நள்ளிரவில் கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்திருக்கிறது. ஹீட்டரும் ஓடவில்லை, ஜெனரேட்டரும் ஓடவில்லை. அலாரம்தான் கெட்டுப்போனது என்று நினைத்து அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். மறுநாள் அழுகிய முட்டை நாற்றம் வந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கட்டிலுக்குக் கீழே இருந்த பேட்டரியில் ஒரு செல் செத்து, கன்வெர்ட்டர் விடாமல் சார்ஜ் தள்ளிக்கொண்டிருந்தது. பேட்டரியின் பக்கவாட்டில் கை வைக்க முடியவில்லை. மற்ற செல்கள் கொதித்துத் தண்ணீர் தகடுக்குக் கீழே போயிருந்தது. அந்த நேரம் வருவது ஹைட்ரஜன், அது தீப்பொறிக்குக் காத்திருக்கும் வாயு. கார்பன் மோனாக்சைடு அலாரத்தைத் தவறாக அடிக்க வைப்பதும் அதுவே. முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு, அதுவும் விஷம்தான்.

ஆகவே அலாரம் அடித்தால் காரணம் தேடாதீர்கள். முதலில் எல்லோரையும் எழுப்பி வெளியே கூட்டி வாருங்கள். சிலிண்டர் கேஸின் வாடையும் ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும், மூக்கை வைத்துப் பிரித்தறிய முயல வேண்டாம். உள்ளே எந்த சுவிட்சையும் தொடாமல், வெளியில் வண்டிக்குக் கரண்ட் கொடுக்கும் முகாம் கம்பத்தின் பிரேக்கரை அணையுங்கள். பேட்டரியைக் கழற்ற அவசரப்பட வேண்டாம், டெர்மினலில் எழும் ஒரு பொறி போதும். காற்றாட விட்டு, ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய கன்வெர்ட்டர்கள் பல, பேட்டரி நிறைந்த பிறகும் வோல்ட்டைக் குறைக்காது. அப்படிப்பட்டதை வருடம் முழுக்கச் சொருகியே வைத்திருந்தால் மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் அளவு பாருங்கள். பிளக்கில் இருக்கும்போது வோல்ட் 14.8-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் அந்தக் கன்வெர்ட்டரோடு ஒரு ராத்திரிகூடத் தூங்காதீர்கள்.

இப்போது எல்லோரும் லித்தியம் கேட்கிறார்கள். நல்ல பேட்டரிதான். ஆனால் அது கொடுப்பதை எல்லாம் வாங்கிக்கொள்ளும், வண்டி நின்ற இடத்தில் என்ஜின் ஓடும்போது பழைய ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும். அதனால் நடுவில், கரண்டை அளவோடு மட்டும் விடும் டிசி-டிசி சார்ஜர் வைக்காமல் நான் லித்தியம் மாட்டிக் கொடுப்பதில்லை. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யவும் கூடாது. ஏப்ரல் காலையில் முகாமில் பிளக்கைச் சொருகுவதற்கு முன் பேட்டரிப் பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.