சட்டமில்லாத தீவில் எடைதான் நாட்டாமை

மாயாஜாலக் கதைகளில் அடிக்கடி வரும் இடம் அது. எந்த ராஜாவுக்கும் கட்டுப்படாத மிதக்கும் தீவு. கடற்கொள்ளையர், கடனுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள், தலைக்கு விலை வைக்கப்பட்டவர்கள் எல்லாம் அங்கே அடைக்கலம். வரி கிடையாது, காவல் கிடையாது. ஆனால் அது எப்படி மிதக்கிறது என்று கதை சொல்பவர் சொல்வதில்லை.

விடை தேட மாசி மாதம் திருக்கோஷ்டியூர்த் தெப்பக்குளம் வரை போனால் போதும். கூட்டத்தின் கண் விளக்கு அலங்காரத்தில் இருக்கும். நாம் பார்க்க வேண்டியது தெப்பத்தின் அடிப்பக்கம். இந்தக் காலத்துத் தெப்பங்கள் பெரும்பாலும் காலிப் பீப்பாய்களை வரிசையாகக் கட்டி, மேலே மரமும் பலகையும் பரப்பியவை. 200 லிட்டர் இரும்புப் பீப்பாய் முழுக்க அமுங்கினால் 200 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீரை ஒதுக்கும். அதன் சொந்த எடை 20 கிலோ போக 180 கிலோவைத் தாங்கும். அந்த 180ஐயும் நம்பிச் சுமை ஏற்றினால், ஒரு சிறு அலையிலேயே பலகை நனையும். பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்: பீப்பாய்க்கு 90 கிலோ.

இப்போது தீவைக் கட்டுவோம். 25 மீட்டருக்கு 20 மீட்டர், அதாவது 500 சதுர மீட்டர். ஆட்கள் 50 பேர். ஆள் எடை 3 டன், மூங்கில் குடிசைகள் 10 டன், தளத்தின் மரம் 15 டன், ஆடு, கோழி, அரிசி, விறகு 7 டன். சேமித்த குடிநீர் 25 டன். மொத்தம் 60 டன். 90ஆல் வகுத்தால் 667 பீப்பாய். அத்தனையும் அந்தத் தளத்துக்கு அடியில் தாராளமாக அடங்கும்.

இங்கே மனத்தில் இருத்த வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று. அடிப்பரப்பு முழுதும் தண்ணீரில் படிந்திருந்தால், சதுர மீட்டருக்கு 10 கிலோ ஏற ஏற தீவு 1 சென்டிமீட்டர் அமுங்கும். பீப்பாய்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் உண்மையில் இன்னும் கூடவே அமுங்கும். கொள்ளைக்கூட்டத் தலைவனுக்கு ஆத்தங்குடிக் கல் பதித்த வளவு வேண்டும் என்று ஆசை வந்தால்? கல் மட்டும் சதுர மீட்டருக்கு 40 கிலோவைத் தாண்டும். அடியில் 5 சென்டிமீட்டர் கலவை போட்டால் இன்னொரு 100 கிலோ. அவன் வீட்டுத் தரையே 14 சென்டிமீட்டர் பள்ளமாகி, ஊர்த் தண்ணீரெல்லாம் அங்கே வந்து நிற்கும்.

(வானத்தில் மிதக்கும் தீவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறக்குறைய 1 கிலோவைத் தூக்கும். 60 டன்னுக்கு 60,000 கன மீட்டர் வேண்டும். தண்ணீரிலேயே இருப்போம்.)

அடுத்த பயம் கவிழ்வது. எதிரிக் கப்பல் வருகிறது, 50 பேரும் ஒரே ஓரத்துக்கு ஓடுகிறார்கள். 20 மீட்டர் அகலத் தளம் ஒரே விறைப்பாக இருந்தால் அந்த ஓரம் 2 சென்டிமீட்டர் இறங்கும், அவ்வளவுதான். சாய்வைத் தாங்கும் வலு அகலத்தின் மும்மடிப்படி வளர்கிறது. அகலம் இரண்டு மடங்கானால் வலு எட்டு மடங்கு. அதே காரணத்தால்தான் 3 மீட்டர் அகலச் சின்னத் தெப்பத்தில் பத்துப் பேர் ஒரு பக்கம் சாய்ந்தால் ஓரம் ஒரு சாண் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

அகலத்துக்கும் விலை உண்டு. குளத்தில் அலை இல்லை, கடலில் உண்டு. அலையின் முகட்டில் நடுவும் பள்ளத்தில் இரு முனைகளும் நிற்கும்போது விறைப்பான தளம் முதுகெலும்பு ஒடிவதுபோல ஒடியும். அதனால் ஒரே தட்டாகக் கட்டாமல், 5 மீட்டர் கட்டங்களாகக் கட்டி, இடையில் கயிற்றால் பிணைக்க வேண்டும். தேங்காய் நார்க் கயிறு உப்புத் தண்ணீருக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். அறுவது தண்ணீரால் அல்ல, பீப்பாயின் விளிம்பில் உரசி உரசி. உரசும் இடத்தில் பழைய டயர்த் துண்டைச் சுற்றிவிட்டால் ஆயுள் கூடும்.

பீப்பாயிலும் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியின் மரை வழியே கசியும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது அதே வழியில் தண்ணீரை உறிஞ்சும். ஓட்டையே இல்லாத பீப்பாய் சில மாதத்தில் கால்வாசி நிரம்பியிருப்பது இப்படித்தான். ரப்பர் வாஷரும் மூடிமேல் சீலண்டும் கட்டாயம். துருவும் அடியில் பிடிப்பதைவிட, காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படும் நீர்மட்டக் கோட்டில்தான் வேகமாக அரிக்கும். தட்டிப் பார்க்க வேண்டிய இடம் அது.

பீப்பாய் இல்லாத உலகம் என்றால் செடியை நம்பலாம். பெரு, பொலிவியா எல்லையில் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் டிட்டிகாக்கா ஏரியில் ஊரோஸ் மக்கள் இதைச் செய்து காட்டுகிறார்கள். டொட்டோரா என்ற கோரையின் வேர்க்கட்டிகளைப் பாளம் பாளமாக அறுத்து, கழி அடித்துக் கயிற்றால் பிணைத்து, மேலே கோரையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புகிறார்கள். நம் ஊருணியோரத்துச் சம்பையோ கோரையையோ ஒடித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சுபோல் காற்றறைகள் தெரியும். மிதக்க வைப்பது அதுதான். அடியில் அழுகிக்கொண்டே போவதால் மேலே புதுக் கோரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பு கல்லின் மேல். இல்லாவிட்டால் தரையே எரியும்.

மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் மனிதர் கட்டாத செடி மிதவைகள் இருக்கின்றன, பெயர் பும்டி. பனிப்பாறைபோல ஐந்தில் நாலு பங்கு தண்ணீருக்குள். கோடையில் நீர் வற்றும்போது இவை தரைதட்டி, வேர் சேற்றில் சத்தெடுத்து, மழையில் மறுபடி எழும். 1983இல் இதாய் தடுப்பணை வந்தபின் ஆண்டு முழுதும் நீர்மட்டம் உயரவே நின்றது. தரைதட்டாததால் சத்தில்லை, மிதவை மெலிந்தது. அங்குள்ள கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்காவில் அதன்மேல் வாழும் சங்காய் மான்களுக்குக் கால் ஊன்ற வலுவான இடம் குறைந்தது. செடியால் ஆன தீவுக்கு அவ்வப்போது தரையும் வேண்டும் என்பது கதையாசிரியர்கள் யோசிக்காத சங்கதி.

குடிநீருக்கு வருவோம். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, குடிக்கக் குடிக்கத் தாகம்தான் கூடும். கூரைத் தண்ணீர்தான் கதி. செட்டிநாட்டு வீட்டில் ஓடு முற்றத்தை நோக்கிச் சரிவதும், மூலையில் அண்டா வைத்துப் பிடிப்பதும் இதற்கு ஏற்ற அமைப்பு. 500 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என்றால், 50 பேருக்கு 100 நாள் வறட்சியைத் தாண்ட 25,000 லிட்டர் வேண்டும். அதுதான் மேலே சொன்ன 25 டன், தீவின் மொத்தச் சுமையில் ஐந்தில் இரண்டு. ஆனால் அந்த நீரை ரப்பர் பைகளில் அடைத்துக் கடலுக்குள்ளேயே கட்டித் தொங்கவிட்டால் தீவுக்குச் சுமையே இல்லை. நன்னீர் உப்புநீரைவிட லேசு, பை தானே மிதக்கும். மேலே வைத்தே தீர வேண்டுமென்றால் சின்னத் தொட்டிகளாகப் பிரிக்க வேண்டும். நிறைந்த அண்டாவை இரண்டு பேர் அலுங்காமல் தூக்கிவிடலாம். அரை அண்டா தளும்பித் தூக்குபவரையே இழுக்கும். தீவையும் அப்படித்தான் இழுக்கும்.

நங்கூரத்தில் சிக்கனம் கூடாது. மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று குடிசைச் சுவரில் சதுர மீட்டருக்கு 13 முதல் 14 கிலோ விசையில் தள்ளும். 60 சதுர மீட்டர் சுவருக்கு 800 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, 3,200 கிலோ. 2018 நவம்பரில் கஜா புதுக்கோட்டைத் தென்னைகளைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். ஆழம் 10 மீட்டர் என்றால் கயிறு 50 முதல் 70 மீட்டர் விட வேண்டும். குறைத்தால் இழுப்பு மேல்நோக்கிப் போய் நங்கூரத்தைப் பிடுங்கும்.

உண்மை உலகில் சட்டத்துக்குத் தப்பவும் வழியில்லை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்தந்த நாட்டின் எல்லை. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை செயற்கைத் தீவுக்குத் தீவு என்ற தகுதியையே தரவில்லை. இத்தாலியின் ரிமினிக்கு எதிரே தூண்கள்மேல் எழுந்த ரோஸ் தீவு 1968இல் தன்னைத் தனிநாடு என்றது. அடுத்த ஆண்டே இத்தாலிக் கடற்படை வெடிவைத்துத் தகர்த்தது.

உள்ளே சண்டை வந்தால்? ஊரோஸ் தீவுகளில் ஒத்துப்போகாத குடும்பம் தன் பங்கை ரம்பத்தால் அறுத்துக்கொண்டு விலகிப் போகலாம் என்பார்கள். நம் தீவை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் அகலம் 10 மீட்டராகிவிடும். ஒவ்வொரு பாதிக்கும் சாய்வைத் தாங்கும் வலு பழையதில் எட்டில் ஒரு பங்குதான். ரம்பம் வைப்பதற்கு முன் நங்கூரக் கயிறுகளை இரு பாதிக்கும் பிரித்துக் கட்ட வேண்டும். தண்ணீர்ப் பைகளையும் எண்ணிப் பிரிக்க வேண்டும், அதுவும் மழைக்காலம் முடிவதற்குள்.