ஸ்கேன் நார்மல்தான், ஆனால் அப்பா ஏன் மறுபடி விழுந்தார்?

"ஸ்கேன் எடுத்தாச்சு சார், மூளையில ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க." வயதானவர் விழுந்துவிட்டார் என்று அழைத்து வருபவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்லிக்கொண்டேதான் என் எதிரில் உட்காருகிறார்கள். போன வாரம் ஒரு அம்மாவை அழைத்து வந்தார்கள். 78 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்திருந்தது, வாக்கர் பிடித்து நடக்கப் பழக்க வேண்டும். விசாரித்தால், அவர் விழுவது இது மூன்றாவது முறையாம். முதல் இரண்டு முறையும் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், இரண்டும் நார்மல். ஆனால் அந்த அம்மாவை எழுந்து நாலு எட்டு நடக்கச் சொல்லி ஒருவர்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் பாத்ரூம் டைல்ஸை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எரிச்சலில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பிசியோதெரபிஸ்ட். எங்கள் வேலை கரண்ட் வைப்பதும் மெழுகு ஒத்தடம் கொடுப்பதும்தான் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். எலும்பு முறிந்த பிறகு வருகிறார்கள். அதற்கு ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் எனக்கும் வேலை குறைவு, அவர்களுக்கும் செலவு குறைவு.

சரி, அந்த ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன். சி.டி. ஸ்கேன் மண்டைக்குள் ரத்தக்கசிவு இருக்கிறதா, கட்டி இருக்கிறதா, பெரிய அடைப்பால் மூளையின் ஒரு பகுதி செத்திருக்கிறதா என்று காட்டும். அவசியமான பரிசோதனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் படுக்கவைத்து, அசையாதீர்கள் என்று சொல்லி எடுக்கிற படம் அது. நிறுத்தி வைத்த வண்டியைப் போட்டோ எடுத்துப் பார்த்து பிரேக் பிடிக்குமா என்று சொல்ல முடியுமா? பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா, திரும்பும்போது தடுமாறுகிறாரா, எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்குகிறதா, நடக்கும்போது யாராவது கூப்பிட்டால் கவனம் சிதறுகிறதா, இதில் எதுவும் ஸ்கேனில் தெரியாது. ஆகவே 'ஸ்கேன் நார்மல்' என்றால் அன்றைக்கு மண்டைக்குள் பெரிய ஆபத்து கண்ணில் படவில்லை என்று மட்டுமே பொருள். நாளைக்கு விழமாட்டார் என்று பொருள் இல்லை.

அன்றைக்கு என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தலையில் அடிபட்ட அன்று எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்துவிட்டு, வாரங்கள் கழித்து மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் மெதுவாக ரத்தம் சேர்வது முதியவர்களிடம் நடக்கிற ஒன்று. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். விழுந்து மூன்று நாலு வாரத்தில் தூக்கம் அதிகமாகிறது, பேச்சு குழறுகிறது, ஒரு கால் இழுக்கிறது, ஆளே மந்தமாகிவிட்டார் என்றால் பழைய ரிப்போர்ட்டைக் காட்டிச் சமாதானம் ஆகாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இப்போது நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று சொல்கிறேன். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். கைவைத்த நாற்காலி ஒன்று, 3 மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் நடந்து, கோட்டில் திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொள்கிறோம். எனக்கு விநாடிக் கணக்கைவிடத் திரும்பும் இடம்தான் முக்கியம். இரண்டு மூன்று எட்டில் திரும்பவேண்டியவர், பாதத்தைத் தரையிலிருந்து தூக்காமல் ஏழெட்டுச் சின்ன எட்டாக வைத்து, உடம்பு மொத்தத்தையும் ஒரே பலகையாகத் திருப்பினால் பேனாவை எடுத்து நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்துவிடுவேன். கடைசியில் மெதுவாக உட்காருகிறாரா, தொப்பென்று விழுகிறாரா என்பதும் தொடைத் தசையைப் பற்றிச் சொல்லிவிடும்.

அடுத்தது நிற்பது. முதலில் பாதங்களைச் சேர்த்து. பிறகு ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னால் வைத்து. பிறகு ஒரு குதிகால் மற்ற காலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில். கடைசியாக ஒற்றைக்காலில். ஒவ்வொன்றிலும் 10 விநாடி. மூன்றாவது நிலையில் 10 விநாடி நிற்க முடியாவிட்டால் அபாயம் இருக்கிறது. வீட்டில் முயன்று பார்ப்பவர்கள் சமையல் மேடையை ஒட்டி நிற்கவைத்து, பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு செய்யுங்கள். பரிசோதனை செய்கிறேன் என்று நீங்களே தள்ளிவிட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது பரிசோதனையைத்தான் குடும்பத்தினர் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். நடந்துகொண்டே தமிழ் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கம்பீரமாக நடந்தார். "பங்குனி, மாசி, தை..." என்றார். கால் நின்றுவிட்டது. மேலே பார்த்து யோசித்து, "மார்கழி" என்று சொன்ன பிறகுதான் அடுத்த எட்டு. "அப்பாவுக்கு மாசமெல்லாம் தெரியும் சார், டென்ஷன் ஆயிட்டார்" என்று மகள் பரிந்து வந்தார். மாதம் தெரியும் என்பது எனக்கும் தெரியும் அம்மா. நான் பார்த்தது அவர் காலை. நடப்பது தானாக நடக்கவேண்டிய வேலை. இவர் ஒவ்வொரு எட்டையும் யோசித்து வைக்கிறார். மூளைக்கு இன்னொரு வேலை கொடுத்தால் இரண்டில் ஒன்று நின்றுபோகிறது. வீட்டில் இதே வேலையை மாதப்பெயர் செய்யாது, காலிங் பெல் செய்யும், போன் செய்யும், ஓடிவரும் பேரக்குழந்தை செய்யும்.

1997-ல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்வீடனிலிருந்து ஒரு சின்ன ஆய்வு வந்தது. முதியோர் குடியிருப்பு ஒன்றில் 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். பேச ஆரம்பித்ததும் நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். நிற்காமல் நடந்தவர்களிலும் விழுந்தவர்கள் உண்டு, அதனால் இது ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. ஆனால் காசு செலவில்லாத பரிசோதனை, உங்கள் வீட்டுக் கூடத்திலேயே கண்ணில் படும்.

"ஞாபகசக்தி அபாரம் சார், ஐம்பது வருஷத்துக் கதையெல்லாம் சொல்றார்" என்பது அடுத்த சமாதானம். பழைய கதை சொல்வது வேறு, இரண்டு வேலையை ஒரே நேரத்தில் சமாளிப்பதும் அவசரத்தில் முடிவெடுப்பதும் வேறு. கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள் போடச் சொன்னால் அது வெளியே வரும். எழுதப் படிக்காதவர்களிடம் ஒரு நிமிடத்தில் முடிந்தவரை விலங்குகளின் பெயர் சொல்லச் சொல்லலாம். இவை நோயின் பெயரைச் சொல்லாது, மேலே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். நடை தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகி, சிறுநீரும் அடங்காமல், மறதியும் சேர்ந்து வந்தால் மட்டும் தள்ளிப்போடவே வேண்டாம். மூளையில் நீர் தேங்கியிருக்கலாம், அதில் ஒரு பகுதியினருக்கு ஆபரேஷன் செய்தால் நடை திரும்பும்.

அப்புறம் மாத்திரைகள். தலைசுற்றலுக்கு என்று எப்போதோ எழுதிக்கொடுத்த சின்னரிசினையோ புரோகுளோர்பெரசினையோ மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்காக வாங்கிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். ஒரு வாரத்துக்கான மாத்திரை அது. நீண்ட நாள் சாப்பிட்டால் பார்க்கின்சன் நோய் மாதிரியே நடை இறுகி, கை நடுங்கி, இன்னும் மோசமாக விழுவார்கள். விழாமலிருக்கச் சாப்பிட்டது விழவைக்கிறது. படுக்கையில் புரண்டால் மட்டும் சுற்றுகிறது என்றால் அது பெரும்பாலும் காதுக்குள் இருக்கும் துகள் இடம் மாறியதால் வருவது. தலையைச் சில நிலைகளில் திருப்பி வைக்கும் சிகிச்சையிலேயே பலருக்குச் சரியாகிவிடும். தூக்க மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, பிபி மாத்திரை எல்லாவற்றையும் மருத்துவரிடம் ஒருமுறை மொத்தமாகக் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

பிபியை எப்போதும் உட்கார்ந்த நிலையில் மட்டுமே பார்க்கிறார்கள். ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஏன் விழுந்தார் என்பதற்கு விடை கிடைத்தமாதிரிதான். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாத உணர்ச்சியைச் சோதிக்க வேண்டும், எல்லோருக்கும் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் கண்புரையையும் பார்க்க வேண்டும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

"பட்ட காலிலேயே படும்னு சொல்வாங்களே சார்" என்று விதியின் தலையில் போடாதீர்கள். ஒருமுறை விழுந்தவருக்கு மறுபடி விழும் வாய்ப்பு அதிகம். காரணத்தைத் தேடாவிட்டால் அதே காரணம் அங்கேயேதான் இருக்கும்.

பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். "எழுந்திருக்காதீங்க, ஒரு இடத்துல உக்காருங்க" என்று அதட்டுவது பாசம் இல்லை. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை கரைந்து, அடுத்த மாதம் நிற்கவே முடியாது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் ஒன்று இருக்கிறது. காலுக்குப் பலம் தருவதும் நின்று பழகுவதுமாக வாரம் மூன்று நாள், கூடவே நடை. அதைச் செய்தவர்களிடம் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பயிற்சியாளர் ஆளைப் பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டும், யூடியூப் பார்த்துத் தொடங்க வேண்டாம்.

பாத்ரூமில் துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது. பிடித்தால் கம்பியோடு சேர்ந்து விழுவார். சுவரில் துளையிட்டு இறுக்கிய கைப்பிடி வையுங்கள். கதவோரத்து மிதியடி சுருண்டால் தூக்கி எறியுங்கள். குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பையும் சேர்த்து. வேட்டியும் புடவையும் தரையைப் பெருக்கக் கூடாது. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். உள்ளே போனால் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேளுங்கள். வெட்கப்படுவார்கள், இருந்தாலும் கேளுங்கள்.

இன்னொன்று. விழுந்ததற்காகத் தயவுசெய்து திட்டாதீர்கள். "பையன்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லும் பாட்டிகள் உண்டு. திட்டு வாங்கியவர்கள் அடுத்த முறை விழுந்ததை மறைப்பார்கள், எங்களுக்கும் தெரியாமல் போகும்.

சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. நகர முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். நேரில் வருபவர்கள் சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கண்ணாடியையும் வீட்டில் போடும் செருப்பையும் எடுத்து வாருங்கள். எத்தனை மணிக்கு, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது விழுந்தார் என்று ஒரு தாளில் எழுதி வந்தால் பாதி நேரம் மிச்சம்.