மூடிய தலைப்பா, ஒலிவரியா?

‘காணொளியில் மூடிய தலைப்பை இயக்கிவிட்டுப் பார்க்கவும்.’ மாணவர் கற்றல் தளத்தில் ஏற்றப்பட்ட ஒரு பாடத்தின் முதல் குறிப்பு இது. வீட்டிலிருந்து கற்கும் நாளில், தொடக்கநிலை ஐந்து மாணவி ஒருத்தி காணொளிக்கு மேலிருந்த தலைப்பைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, “டீச்சர், தலைப்பு திறந்துதானே இருக்கு?” என்று கேட்டாள். அவள்மேல் தவறே இல்லை. காணொளியின் ஒலியை எழுத்தில் காட்டும் வரிகளுக்கு ஆங்கிலத்தில் ‘குளோஸ்ட் கேப்ஷன்’ (சுருக்கமாக ‘சிசி’) என்று பெயர்; அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுதான் ‘மூடிய தலைப்பு’. அதே வகுப்பில் செவிப்புலன் கருவி அணிந்த மாணவன் ஒருவன் உண்டு. அவனுக்காகத்தான் அந்தக் குறிப்பு. அவனும் வரிகளைக் கண்டுபிடிக்கவில்லை.

‘கேப்ஷன்’ என்பது ‘பிடித்தல்’ என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். கைது, சட்ட ஆவணத்தின் தலைக்குறிப்பு, தலைப்பு, படத்தின் கீழ் வரும் விளக்கம் என்று ஆங்கிலத்திலேயே அதன் பொருள் இறங்கிக்கொண்டே வந்தது. 1980இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்த வசதி தொடங்கியபோது, தனிக் கருவி வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே வரிகள் தெரிந்தன. ‘குளோஸ்ட்’ வந்தது அதனால்தான். கேட்டால் தெரியும், கேட்காவிட்டால் மறைந்திருக்கும்.

இதைப் போய் ‘மூடிய தலைப்பு’ என்றால்? தலைப்பு தலையில் இருப்பது. சேலைக்கும் அப்படித்தான், கட்டுரைக்கும் அப்படித்தான். திரையின் காலடியில் ஓடுவதைத் தலைப்பு என்று எந்தத் தமிழ்க்காது ஏற்கும்? சிலர் ‘துணைத்தலைப்பு’ என்கிறார்கள். கட்டுரை எழுதப் பழகும் பிள்ளைக்கு அது உட்தலைப்பு. காணொளியோடு பிரிக்க முடியாமல் பதிந்த வரிகளைத் ‘திறந்த தலைப்பு’ என்று ஒரு பயிற்சித்தாளில் பார்த்தேன். விருப்பம்போல் எதையும் எழுதலாம் என்றுதான் என் மாணவர்கள் புரிந்துகொள்வார்கள். அகராதியைத் திறப்பவர்கள் ஒருமுறை காணொளியையும் திறந்து பார்க்கக் கூடாதா?

‘வசனவரி’ நல்ல சொல். வசந்தம் தொலைக்காட்சி நாடகங்களுக்கு அடியில் ஓடும் ஆங்கில வரிகளுக்கு அது கச்சிதம். ‘வசனம்’ வடசொல் என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. புரிகிறதா என்பதே என் அளவுகோல். ஆனால் காது கேளாத பிள்ளைக்கு வசனம் மட்டும் போதாது. பள்ளி மணி அடிப்பதும், பின்னால் யாரோ சிரிப்பதும், அறிவியல் காணொளியில் நீர் கொதிக்கும் சத்தமும் எழுத்தில் வந்தாக வேண்டும். வலைத்தளங்களுக்கு, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட வழிகாட்டி 2.0, பதிவுசெய்த காணொளிக்கு இதை அடிப்படை நிலையான ‘ஏ’யிலேயே வைத்திருக்கிறது. நேரலைக்கு அடுத்த நிலையான ‘ஏஏ’. அதனால் ‘ஒலிவரி’ என்பேன்: ஒலி அனைத்தும் வரியாக. ‘மூடிய’ என்பதைப் பெயர்க்கவே வேண்டாம். அந்த வேலையைப் ‘போடு’, ‘எடு’ என்ற வினைகள் பார்த்துக்கொள்ளும். விளக்கைப் போடுவதுபோல.

அடுத்த பாடத்துக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: ‘திரையின் கீழே சிசி என்ற பொத்தானைத் தட்டி ஒலிவரியைப் போட்டுக்கொள்ளுங்கள்.’