முதல் 30 மீட்டர்: தூண்டில் கயாக்கைக் கடலில் இறக்குமுன்

பந்திங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் புதிதன்று. தோட்டத்து வாய்க்காலிலும் லங்காட் ஆற்றோரத்திலும் தூண்டில் போட்டுப் பழகிய கைகள்தாம் இன்று வார இறுதிகளில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு கடலுக்குப் புறப்படுகின்றன. கயாக் பயிற்சியாளனான எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால், என்னிடம் வருவோரின் முதற்கேள்வி எப்போதும் மீனைப் பற்றியதாகவே இருக்கிறது: எந்த ரீல் வாங்குவது, எந்த இரை நல்லது, எவ்வளவு தூரம் போனால் கடி கிடைக்கும். கரையிலிருந்து எப்படிப் புறப்படுவது, எப்படித் திரும்பி வந்து இறங்குவது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் கண்ட விபத்துகளோ பெரும்பாலும் நடுக்கடலில் நடந்தவை அல்ல. முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட தண்ணீரில், அலை உடையும் அந்த முதல் 30 மீட்டருக்குள் நடந்தவை.

அவற்றுள் ஒன்று என்னுடையது. பயிற்சியாளனாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், கிழக்குக் கரையின் செராத்திங் கடற்கரையில், முழங்காலைத் தாண்டாத அலையில், கயாக்கின் முன்முனைக் கைப்பிடியைப் பற்றி இழுத்தபடி கடலுக்குள் நடந்தேன். ஓர் அலை முன்முனையை ஒதுக்கித் தள்ளவும் கயாக் கரைக்கு இணையாகத் திரும்பியது. அதை நேராக்கும் அவசரத்தில் நான் கயாக்குக்கும் கரைக்கும் நடுவே போய் நின்றுகொண்டேன். அடுத்த அலை கயாக்கைத் தூக்கி என் முழங்காலில் மோதியது. மூன்று வாரம் நொண்டி நடந்தேன். சாமான்களோடு ஒரு தூண்டில் கயாக் எளிதாக 40, 50 கிலோ இருக்கும். உட்காரும் பள்ளத்திலும் அதன் அடியிலுள்ள வெற்றிடமான வயிற்றறையிலும் 100 லிட்டர் தண்ணீர் புகுந்துவிட்டால் இன்னும் 100 கிலோ. அந்தப் பாரத்தைக் கடல் தூக்கி எறியும்போது கையால் தடுத்துவிடலாம் என்று எண்ணுவது, உருண்டு வரும் செம்பனைக்குலை வண்டியைத் தோளால் நிறுத்தப் பார்ப்பதற்கு ஒப்பாகும். கயாக் எப்பக்கம் திரும்பினாலும் நாம் கடல் பக்கமாகவே நிற்க வேண்டும். கரைப்பக்கம் ஒருபோதும் நிற்கக் கூடாது. என் மாணவர்கள் தண்ணீரில் கால் வைக்குமுன் இந்த ஒரு விதியை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

இறங்குவதற்கு முன் 20 நிமிடம் கரையில் நின்று கடலைப் பார்க்கச் சொல்வேன். பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. “அண்ணே, கடல் கொளம் மாதிரி கெடக்கு, இன்னும் என்னத்தப் பாக்குறீங்க?” என்று ஒரு தம்பி என்னைக் கேட்டான். அவன் பார்த்தது ஐந்து நிமிடக் கடல். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சிறியவை வந்துகொண்டிருக்கும்போதே பெரியவை நான்கைந்து கூட்டமாக வந்து உடையும், பிறகு கடல் மீண்டும் அடங்கும். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையே பல நிமிடங்கள் இருக்கலாம் என்பதால், அடங்கிய வேளையில் வந்து சேர்ந்தவருக்கு அதுவே அன்றைய கடலாகத் தெரிந்துவிடுகிறது. அந்தத் தம்பியிடம் பதில் சொல்லாமல் காத்திருந்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் வந்த கூட்டம் அவன் கரையில் வைத்திருந்த ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு போனது.

அந்த 20 நிமிடத்தில் கவனிக்க வேண்டியவை பல. அலையின் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழம் இருக்கும் இடத்தில் அலை உடைகிறது. ஆகவே, வெகுதூரத்தில் வெள்ளை நுரை தெரிந்தால் அங்கே மணல்மேடு ஒன்று மறைந்திருக்கிறது என்று பொருள். சாய்வு குறைந்த கரையில் அலை சரிந்து நுரைத்து மெல்ல ஓய்ந்து வரும். செங்குத்தான கரையிலோ அது நிமிர்ந்து சுருண்டு காலடியிலேயே விழும். அலை விழுந்து அறையும் கரை புதியவருக்கு ஏற்றதன்று, அலை எவ்வளவு சிறியதாயினும் சரி. அலையின் உயரம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதையும் மனத்தில் கொண்டால், முழங்கால் அலைக்கும் இடுப்பலைக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரியது என்பது விளங்கும். முதல் ஐந்தாறு முறைக்கு முழங்காலளவு அலைக்கு மேல் நான் யாரையும் இறக்குவதில்லை.

இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் ஒரு துண்டு நீர் கறுத்து அமைதியாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். பழகியவர்கள் அதையே வெளியேறும் வழியாகப் பயன்படுத்துவதுண்டு. புதியவர் அங்கே கவிழ்ந்தால், கயாக்கும் அவரும் சேர்ந்தே வெளியே இழுத்துச் செல்லப்படுவர். அப்படி நேர்ந்தால் ஓட்டத்தை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும்; கயாக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மிதப்பதே முதல் வேலை.

அடுத்தது சாமான். தைப்பூச ரதம்போல் ஜோடித்த கயாக்குகளை நான் அடிக்கடி காண்கிறேன்: நான்கு தூண்டில்கள் நிமிர்ந்து நிற்கும், வலை ஒரு பக்கம் தொங்கும், மீன்காட்டும் கருவியின் கம்பிகள் மறுபக்கம் ஊசலாடும். கவிழும்போது இவை ஒவ்வொன்றும் ஆபத்தாக மாறும். அலையைத் தாண்டும்வரை தூண்டில்கள் படுக்கையாகக் கிடக்க வேண்டும். முத்தூண்டில் முள் (மூன்று கொக்கி உள்ள முள்) பூட்டிய செயற்கை இரைகள் மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஒருவருடைய மிதவை அங்கியின் தோள்பட்டையில் அத்தகைய முள் மாட்டி, அதன் மறுமுனை கயாக்கோடு கட்டுண்டு கிடந்ததைக் கத்தியால் அறுத்துவிட்டிருக்கிறேன். அதனால்தான் அங்கியின் மார்புப் பையில் ஒரு சிறு கத்தியை எல்லாரும் வைத்திருக்க வேண்டும் என்கிறேன். கட்டுவதற்கு விலையுயர்ந்த பட்டைகள் தேவையில்லை. நம் தோட்டத்துப் பெரியவர்கள் மோட்டார் சைக்கிளின் பழைய டியூபை நீளவாக்கில் கிழித்துச் சாமான் கட்டுவார்களே, அந்த ரப்பர்ப் பட்டை உப்புநீரிலும் வழுக்காது, ஈரக்கையால் இழுத்தாலும் அவிழும். நீண்டு தொங்கும் கயிறு மட்டும் எங்கும் இருக்கலாகாது. துடுப்பைக் கயாக்கோடு இணைக்கும் கயிற்றைக்கூட அலை உடையும் பகுதியைத் தாண்டிய பிறகே மாட்டச் சொல்கிறேன். மாற்றுக் கருத்து உடைய பயிற்சியாளர்களும் உண்டு, ஆனால் கவிழ்ந்த நிலையில் கழுத்தில் கயிறு சுற்றுவதைவிடத் துடுப்பைத் தேடி நீந்துவது மேல்.

இனி இறங்கும் முறை. வயிற்றறையின் நீர்வடி மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்து, சுக்கானை உயர்த்தி, மிதிக்கும் வகைக் கயாக்கானால் அதன் துடுப்பிதழ்களைக் கழற்றியோ மடித்தோ வைத்து, முன்முனை அலையை நேருக்குநேர் பார்க்கும்படி கயாக்கை முழங்காலளவு நீர்வரை நடத்திச் செல்ல வேண்டும். கை இருக்கையின் பக்கத்தில் இருக்கட்டும். முன்முனையைப் பற்றி இழுக்க வேண்டாம். கலங்கிய நீரில் பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும். பெரிய அலைக்கூட்டம் முடிந்ததும் பிட்டத்தை முதலில் இருக்கையில் வைத்து, கால்களை உள்ளே எடுத்து, உடனே துடுப்பு வலிக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஏறியதும் தொப்பியைச் சரிசெய்வார்கள், கரையில் நிற்பவருக்குக் கையசைப்பார்கள், கைப்பேசி பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த மூன்று விநாடியில் கயாக் திரும்பிவிடும். எதிரே அலை உயர்ந்து வரும்போது பயத்தில் துடுப்பை நிறுத்துவதும் இயல்பு; நிறுத்தினால் அலை பின்னோக்கித் தள்ளும், உடலை முன்னே சாய்த்து வலித்துக்கொண்டே போனால் கயாக் அலையைப் பிளந்து ஏறிவிடும். கடைசி அலையைத் தாண்டியும் பத்துப் பதினைந்து முறை வலித்த பிறகே ஓய்வு.

புறப்பாட்டைவிடக் கடினமானது திரும்பி வருவது. களைத்திருப்போம், வெயில் ஏறியிருக்கும், மீன் கிடைத்திருந்தால் வீட்டு நினைப்பும் வந்திருக்கும்; அலையோ முதுகுக்குப் பின்னால் வருகிறது. உடையும் பகுதிக்கு வெளியே நின்று, கரையில் செய்ததுபோலவே அலைக்கூட்டத்தைக் கவனித்து, தூண்டில்களை மீண்டும் படுக்கவைத்து, பெரிய அலைகளில் கடைசியானது கடந்ததும் அதன் முதுகைத் தொடர்ந்து வர வேண்டும். அலைக்கு முன்னால் சறுக்கிக்கொண்டு வரும் ஆசையே வேண்டாம். முன்முனை மணலில் குத்தினால் கயாக் தலைகீழாகப் புரளும். பின்பகுதி தூக்கப்படுவதை உணர்ந்தால் பின்னோக்கி வலித்து அலையைக் கடந்துபோக விடலாம். மீறிக் கயாக் குறுக்கே திரும்பிவிட்டால், அலை வரும் பக்கமாகச் சாய வேண்டும். மனமோ கரைப்பக்கம் சாயச் சொல்லும். அப்பக்கம் சாய்ந்தால் கவிழ்ந்து கயாக்கின் முன்னால் விழுவோம். இதெல்லாம் கைவராதவருக்கு எளிய வழி ஒன்று உண்டு: இடுப்பளவு நீரில் கடல் பக்கமாக இறங்கி, பின்முனைக் கைப்பிடியைப் பற்றியபடி, கயாக்கை முன்னால் விட்டு நடந்து வந்துவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதுவரை சொன்னது பெரிதும் தென்சீனக் கடலைப் பார்த்த கிழக்குக் கரைக்கு உரியது. அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். புதியவர் அந்த மாதங்களில் அங்கே இறங்கவே கூடாது. நமக்கு அருகிலுள்ள மோரிப் வேறு வகை. மலாக்கா நீரிணையில் அலை சிறிது, ஆனால் நீரேற்றமும் வற்றமும் பெரிது. வற்றினால் கடல் நெடுந்தூரம் பின்வாங்கிச் சேற்றை விட்டுச் செல்லும். 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படை ‘ஆப்பரேஷன் ஸிப்பர்’ என்ற பெயரில் இதே மோரிப்பில் தரையிறங்கியபோது, வண்டிகள் பல சேற்றில் புதைந்து நின்றுவிட்டன. படைக்கே அந்த நிலை என்றால், 50 கிலோ கயாக்கை இழுத்துக்கொண்டு அந்தச் சேற்றில் நடக்கப் போகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நீரேற்றம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஒரு வாரத்தில் அது ஏறத்தாழ ஆறு மணி நேரமாகிவிடுவதால், போன ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கடல் நிறைந்திருந்தது என்பதற்காக இந்த ஞாயிறும் எட்டு மணிக்கு வருபவர் சேற்றைத்தான் காண்பார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற வற்ற வேறுபாடு மிகும். இதற்கு வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே போதும், மணிக்கணக்கிற்குத்தான் நீரேற்ற அட்டவணை வேண்டும். வேறுபாடு 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நீரேற்ற உச்சத்துக்குப் பிந்திய முதல் மணியில் நீர் 30 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டி இறங்கும், இரண்டாம் மணியில் அதைப் போல இரு மடங்கு, மூன்றாம் மணியிலும் நான்காம் மணியிலும் மணிக்கு ஒரு மீட்டர். அதனால்தான் உச்சத்துக்கு இரண்டு மணி முன்னதாக இறங்கி, உச்சத்துக்குப் பின் இரண்டாம் மணி முடிவதற்குள் கரையேறிவிடும்படி சொல்கிறேன்.

காற்றைப் பற்றி இரண்டு செய்திகள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்னும் காலையிலும், சுமாத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல்வரிசை கிளம்பி வரும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடும். நம் ஆட்கள் மீனுக்காக இறங்கும் நேரமும் அதுவே. அந்தக் காற்று மேற்குக் கரையில் நம்மைக் கரைக்கே தள்ளும் என்று ஆறுதல் கொள்பவர்கள், அது கூடவே எழுப்பும் அலையை மறந்துவிடுகிறார்கள். மேற்கே கறுத்த வளைவாக மேகம் தெரிந்தால் இறங்காதீர்கள். இறங்கியிருந்தால் உடனே திரும்புங்கள். இரண்டாவது, கிழக்குக் கரையில் அதிகாலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. அது கரையோர நீரைக் கண்ணாடிபோல் ஆக்கிவிடுவதால் புதியவர் ஏமாறுகிறார். போகும்போது சுகமாகத் தள்ளிச் செல்லும் அதே காற்றைத் திரும்பும்போது எதிர்த்து வலிக்க வேண்டும். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ‘மை சுவாச்சா’ செயலியில் கடல் எச்சரிக்கை இருந்தால், கயாக்கைக் காரிலிருந்து இறக்கவே வேண்டாம்.

என்னிடம் பயில வருவோர் முதல் மூன்று நாள் தூண்டில் கொண்டுவரக் கூடாது. மிதவை அங்கியை மாட்டி, இடுப்புப் பட்டையை இறுக்கி, அலையில்லாத நீரில் கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, வயிற்றால் ஊர்ந்து ஏறி, புரண்டு அமர்ந்து, கால்களை உள்ளே எடுக்கப் பழக வேண்டும். பத்து முறையில் பத்து முறையும் ஏற முடிந்தால்தான் அலைக்கு அனுப்புவேன். “தூண்டில் இல்லாம கடலுக்கு எதுக்குடா போறீங்க?” என்று ஓர் அம்மா தம் மகனைக் கேட்டாராம். அந்த அம்மாவிடம் நானே ஒரு வேலையை ஒப்படைத்தேன். மகன் புறப்படுமுன் எந்தக் கரை, யாரோடு, எத்தனை மணிக்குக் கரையேறுவான் என்பதை அன்றைய நாட்காட்டித் தாளில் எழுதச் செய்வது அவர் பொறுப்பு. தாளில் பத்தரை என்று இருந்து, பதினொன்றாகியும் கைப்பேசிக்குப் பதில் இல்லையென்றால், அவர் 999-ஐ அழைத்துத் தாளில் உள்ளதை அப்படியே வாசிக்க வேண்டும். போன மாதம் மகன் பத்து ஐம்பத்தைந்துக்கு அழைத்தபோது, அவர் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாளின் எதிரில் நின்றிருந்தாராம்.